செயற்கைக்கோள் பேரிடரைத் தடுக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் பிறந்தால் போதும், கைப்பேசிகளில் வண்ண வண்ண மேகப்படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். புயல் சின்னம் எங்கே இருக்கிறது, எந்த ஊர்ப் பக்கம் திரும்புகிறது, நாளைக்குப் பள்ளிக்கு லீவு உண்டா என்று எல்லோரும் பார்க்கிறோம். அந்தப் படங்களைப் பற்றியும் அவற்றை எடுக்கும் கருவிகளைப் பற்றியும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில். பெரும்பாலும் நம் கடற்கரையையும் மலைகளையும் சுற்றித்தான் பேச்சு. சில இடங்களில் ஒடிசாவுக்கும் இமயமலைக்கும் போக வேண்டியிருக்கிறது.

புயல் வருவதை எத்தனை நாள் முன்னதாகச் செயற்கைக்கோள் சொல்லும்?

செயற்கைக்கோள் எதையும் முன்னதாகச் சொல்லாது. இந்த நிமிடம் என்ன இருக்கிறது என்பதைத்தான் காட்டும். நாளை மறுநாள் எங்கே போகும் என்று கணக்குப் போடுவது கணினி மாதிரிகள். ஆனால் அந்த மாதிரிகளுக்குத் தீனி போடுவது பெரும்பாலும் செயற்கைக்கோள்தான். நடுக்கடலில் வானிலை நிலையம் வைக்க முடியாதே. மிதவைகளும் கப்பல்களும் அங்கொன்றும் இங்கொன்றும்தான். மீதிக் கடல் முழுவதையும் மேலிருந்துதான் பார்த்தாக வேண்டும்.

இந்தியாவுக்கு இப்போது அந்த வேலையைச் செய்பவை இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ். முதலாவது 2016 செப்டம்பரிலும் அடுத்தது 2024 பிப்ரவரியிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டவை. பூமியிலிருந்து சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், பூமி சுற்றும் வேகத்திலேயே சுற்றுவதால் எப்போதும் நம் தலைக்கு மேலேயே நிற்பது போல இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு படம் எடுக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி எடுக்க வைத்தால் கால் மணிக்கு ஒன்று கிடைக்கும்.

அமெரிக்காவில் சூறாவளிக்குள்ளேயே விமானத்தை ஓட்டிக் காற்றை அளக்கிறார்கள். வங்காள விரிகுடாவில் அந்த வழக்கம் இல்லை. அதனால் மேகம் எப்படிச் சுருண்டிருக்கிறது, புயலின் நடுவிலுள்ள கண் எவ்வளவு தெளிவாக இருக்கிறது, மேக உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை வைத்து ஓர் எண் போட்டு, அதிலிருந்து காற்றின் வேகத்தைக் கணிக்கிறார்கள். அமெரிக்க வானிலையாளர் வெர்னன் டிவோராக் 1970-களில் உருவாக்கிய முறை இது. ஆக, கரையிலிருந்து தொலைவில் இருக்கும் புயலுக்கு 'மணிக்கு 90 கி.மீ.' என்று செய்தியில் கேட்டால், அது பெரும்பாலும் மேகத்தின் உருவத்தைப் பார்த்துச் சொன்ன மதிப்பீடு. துணைக்கு, கடல் பரப்பு எவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறது என்பதை ரேடாரால் தடவிப் பார்த்து அங்கே வீசும் காற்றைக் கணிக்கும் கருவியும் உண்டு. 2022 நவம்பரில் ஏவப்பட்ட இஓஎஸ்-06 அதைச் சுமந்து செல்கிறது.

வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் எங்கள் ஊர் மேல் சிவப்பாக இருக்கிறது. கனமழை உறுதியா?

இல்லை. அந்த நிறம் மழையின் நிறம் அல்ல, மேக உச்சியின் வெப்பநிலை. உச்சி மைனஸ் 70, மைனஸ் 80 டிகிரிக்குப் போயிருந்தால் மேகம் மிக உயரமாக வளர்ந்திருக்கிறது என்று பொருள். உயரமான மேகம் பெரும்பாலும் நன்றாகக் கொட்டும் என்பது சரிதான். ஆனால் மேல்மட்டக் காற்று அந்த உச்சியைப் பக்கவாட்டில் இழுத்துப் பரப்பிவிட்டால், படத்தில் சிவப்பாகத் தெரியும் ஊரில் சும்மா மூட்டமாக இருக்கும், மழை வேறெங்கோ பெய்யும். அடுத்த 2, 3 மணி நேரத்துக்கு என்ன என்று தெரிய வேண்டுமானால் ரேடார் படத்தைப் பாருங்கள். சென்னை, காரைக்கால், ஸ்ரீஹரிகோட்டா ரேடார்கள் மழைத்துளிகளையே பார்க்கின்றன.

அப்புறம், படத்தின் ஓரத்தில் இருக்கும் நேரத்தைப் படியுங்கள். அது பெரும்பாலும் உலகப் பொது நேரமாக இருக்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால்தான் நம் நேரம். தேதியையும் பாருங்கள். வர்தா புயலின் படம் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பெயர் சூடி வலம் வருகிறது.

இன்னொன்று. புயல் கரையைக் கடந்ததும் பலர் படம் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகு ஏறக்குறைய அசையாமல் அங்கேயே நின்றது. புதுச்சேரியும் விழுப்புரமும் மூழ்கின. அடுத்து உள்மாவட்டங்களுக்குப் போய், கடலையே பார்க்காத ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள்.

மேகம் மூடியிருக்கும்போது வெள்ளத்தை எப்படிப் படம் எடுக்கிறார்கள்?

சாதாரணக் கேமராவால் முடியாது. வெள்ளம் வரும் நாளில்தான் மேகமும் மூடியிருக்கும் என்பதே இந்தத் துறையின் பழைய தலைவலி. அதற்கு மருந்து ரேடார் செயற்கைக்கோள். அது தானே நுண்ணலையை அனுப்பித் திரும்பி வருவதைப் பிடிக்கிறது. நுண்ணலை மேகத்தைத் துளைத்துப் போகும். இரவு பகல் பாராது. இந்தியாவின் ரிசாட் வரிசை (இப்போது இஓஎஸ்-04), ஐரோப்பாவின் சென்டினல்-1 ஆகியவை இந்த வகை.

கண்ணாடியில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் வெளிச்சம் நம்மிடம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் போய்விடும் அல்லவா, அசையாத தண்ணீர்ப் பரப்பும் ரேடாருக்கு அப்படித்தான். அலை திரும்பி வராது, படத்தில் அந்த இடம் கறுப்பாகிவிடும். செடியும் மண்ணும் கட்டடமும் அலையைச் சிதறடித்து ஓரளவு திருப்பி அனுப்புவதால் வெளுப்பாகத் தெரியும். கறுப்பெல்லாம் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு வரைபடம் போடுவதுதான் அடிப்படை.

அடிப்படை எளிது, காவிரி டெல்டாவில் அதைச் செய்துபார்த்தால்தான் சிக்கல் புரியும். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நவம்பரில் சம்பாவும் தாளடியும் நட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். வயலில் தண்ணீர் நிற்கத்தான் வேண்டும். அந்த வயலும் படத்தில் கறுப்பு, நாற்று அழுகும்படி மூழ்கிய வயலும் கறுப்பு. திருவாரூர் மாவட்டம் முழுவதையும் வெள்ளப்பகுதி என்று காட்டிவிடும் ஆபத்து இதில் உண்டு. அதனால் ஒரே ஒரு படத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அதே பருவத்தில் மழைக்கு முன் எடுத்த படம், போன ஆண்டு இதே வாரத்துப் படம், நடவு எப்போது நடந்தது என்ற தகவல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது பாசனம், எது பாதிப்பு என்று பிரியும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் ரேடார் படங்களிலிருந்து நெல் பரப்பையும் மகசூலையும் மதிப்பிடும் வேலையை ஆண்டுக்கணக்கில் செய்துவருகிறது. அந்த அனுபவம் இங்கே வெள்ள வரைபடத்துக்கும் உதவும்.

எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வரைபடத்தில் ஒன்றுமே காட்டவில்லையே?

நகரத்தில் இது அடிக்கடி நடக்கும். தெருவில் தண்ணீர் நின்றால், அலை தண்ணீரில் பட்டுப் பக்கத்துச் சுவரில் மோதி நேராகச் செயற்கைக்கோளுக்கே திரும்பிவிடும். கறுப்பாக வேண்டிய இடம் பளிச்சென்று வெளுக்கும். குறுகிய சந்துகளை உயரமான கட்டடங்கள் மறைத்தும்விடும். சென்டினல்-1 படத்தின் ஒரு படப்புள்ளி தரையில் 10 மீட்டர்; அதன் உண்மையான கூர்மை அதைவிடக் குறைவு. உங்கள் தெரு அதற்குள் காணாமல் போவதில் வியப்பில்லை.

நேரமும் ஒரு பிரச்சினை. தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் ஒரு ரேடார் செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் வரை ஆகும். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியில் நீர்த் திறப்பு வினாடிக்கு 29,000 கன அடி வரை போனது. அன்றிரவே அடையாற்றங்கரை வீடுகளில் முதல் மாடி வரை தண்ணீர் ஏறியது. இரண்டு நாள் கழித்து மேலே வரும் செயற்கைக்கோள் வடிந்துகொண்டிருக்கும் ஊரைத்தான் பார்க்கும்.

அப்படியென்றால் நகரத்துக்கு இதனால் பயனே இல்லையா?

இருக்கிறது, ஆனால் வெள்ளம் வந்த அன்று இல்லை. என் கருத்தில், பேரிடர் விஷயத்தில் மிக மதிப்புள்ள படம் யாரும் பார்க்காமல் கிடக்கும் பழைய படம்.

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972-லிருந்து பூமியைப் படம் எடுத்துக்கொண்டிருக்கின்றன. 2008-லிருந்து அந்தச் சேகரிப்பு முழுவதும் இலவசம். அதில் பள்ளிக்கரணையை ஆண்டு ஆண்டாகப் புரட்டிப் பாருங்கள். 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்புநிலம் சாலை, குப்பைமேடு, அலுவலகம், அடுக்குமாடி என்று துண்டு துண்டாகச் சுருங்குவது கண்ணெதிரே தெரியும். தென்சென்னையின் எத்தனையோ ஏரிகளின் உபரி நீர் வந்து சேர்ந்த இடம் அது. 2022-ல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது மிஞ்சியிருந்தது பழைய பரப்பில் சிறு பங்கு. வேளச்சேரியில் ஏன் ஒவ்வொரு முறையும் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்பதற்கு அந்தப் படங்களே போதும். (மழையைக் கண்காணிக்கும் ரேடார் ஒன்று அதே பள்ளிக்கரணையில்தான் நிற்கிறது என்பது வேறு.)

ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் 1984-லிருந்து எடுத்த லேண்ட்சாட் படங்களை எல்லாம் கலந்து, எந்த இடத்தில் எப்போதெல்லாம் தண்ணீர் நின்றது என்று உலகம் முழுவதற்கும் வரைபடம் போட்டுவைத்திருக்கிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் முன் இந்த வரைபடத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று விதி இருந்தால், அது பத்து எச்சரிக்கைக் குறுஞ்செய்திக்குச் சமம்.

ஒன்றை மட்டும் செயற்கைக்கோளிடம் அவ்வளவாக எதிர்பார்க்காதீர்கள்: நிலத்தின் துல்லியமான உயரம். பலரும் பயன்படுத்தும் இலவச உயர வரைபடம் 2000-ல் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்தது. அதில் சில மீட்டர் வரை பிழை இருக்கலாம். மரத்தின் உச்சியையும் மாடியையும் தரை என்று நினைத்துக்கொள்ளும். மலைநாட்டில் அது பெரிய குறை இல்லை. சென்னை மாதிரி தட்டையான ஊரில் ஓர் அடி உயரவேறுபாடுதான் தண்ணீர் இந்தப் பக்கம் போகுமா அந்தப் பக்கம் போகுமா என்று முடிவுசெய்கிறது. அங்கே விமானத்திலிருந்தோ டிரோனிலிருந்தோ லேசர் கொண்டு அளந்தால்தான் ஆகும்.

2004 சுனாமியை எந்தச் செயற்கைக்கோளாவது பார்த்ததா?

பார்த்தது. கடல்மட்டத்தை அளக்கும் ஜேசன்-1, நிலநடுக்கம் நடந்து சுமார் 2 மணி நேரத்தில் தற்செயலாக வங்காள விரிகுடா மேலே கடந்துபோனது. நடுக்கடலில் அலையின் உயரம் அரை மீட்டருக்குச் சற்று மேல் என்று அதில் பதிவானது. அந்தத் தரவைத் தரைக்குக் கொண்டுவந்து கணக்குப் போட்டுப் பார்க்கப் பல மணி நேரம் ஆனது. அதற்குள் நாகப்பட்டினத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

சுனாமியைக் கண்டுபிடிப்பது நில அதிர்வுமானிகளும், ஆழ்கடல் தரையில் அழுத்தத்தை அளக்கும் கருவிகளும், கரையோர அலைமானிகளும்தான். ஹைதராபாத்தில் இன்கோயிஸ் என்ற கடல்சார் தகவல் சேவை நிறுவனத்தில் 2007-லிருந்து இயங்கும் எச்சரிக்கை மையம் இவற்றை வைத்துத்தான் வேலை செய்கிறது. கடலடிக் கருவி சொல்வதை மிதவையிலிருந்து மையத்துக்குக் கொண்டுசேர்ப்பதுதான் இங்கே செயற்கைக்கோளின் பங்கு.

கடலில் இருக்கும் மீனவருக்குச் செய்தி போய்ச் சேருமா?

2017 ஒக்கி புயலில் சேரவில்லை. நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலம், 30 காலையில் குமரிக்கு அருகே புயல். அவ்வளவு வேகம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் அதற்கு வெகு முன்பே கடலுக்குப் போய்விட்டவர்கள். வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்களுக்குக் கூண்டு ஏற்றி என்ன பயன்? விசைப்படகில் இருக்கும் விஎச்எஃப் வானொலிக் கருவி கரையிலிருந்து கொஞ்ச தூரத்துக்குத்தான் எட்டும். கைப்பேசி அதைவிடக் குறைவு.

அதற்குப் பிறகு 2019-ல் இன்கோயிஸ் 'ஜெமினி' என்ற சிறு கருவியைக் கொண்டுவந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் புயல், அலை எச்சரிக்கையை வாங்கி, ப்ளூடூத் மூலம் கைப்பேசித் திரையில் காட்டும். ஒருவழிதான், படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. இருவழித் தொடர்பு கொடுக்கும் டிரான்ஸ்பாண்டரை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது. எந்த இடத்தில் மீன் பிடிக்கிறேன் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற தயக்கம் மீனவர்களுக்கு இருக்கத்தான் செய்யும். அதைத் தொழில் ரகசியம் என்று மதித்துத் தீர்வு சொன்னால்தான் கருவி எப்போதும் இயக்கத்தில் இருக்கும்.

நிலச்சரிவு எங்கே வரும் என்று மேலிருந்து தெரியுமா?

எங்கே என்பது பெரும்பாலும் தெரியும். என்றைக்கு என்பது தெரியாது.

ஹைதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் 1998 முதல் 2022 வரை நாட்டில் நடந்த சுமார் 80,000 நிலச்சரிவுகளைப் படங்களிலிருந்து தொகுத்து 2023-ல் அட்லஸ் வெளியிட்டது. ஆபத்துக்கு உள்ளாகும் மக்களையும் வீடுகளையும் சேர்த்து 147 மாவட்டங்களை வரிசைப்படுத்தினார்கள். வயநாட்டுக்கு 13-ஆவது இடம். அடுத்த ஆண்டு ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் புதைந்தன. பிறகு கார்ட்டோசாட்-3, ரிசாட் படங்களை வைத்துப் பார்த்ததில், சரிவின் தலைப்பகுதி சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் இருந்தது, மண்ணும் பாறையும் 8 கி.மீ. வரை ஓடியது என்று தெரிந்தது. அதே மையத்தின் பழைய ஆவணங்களில் அதே இடத்தில் முன்பே சரிந்த தடமும் இருந்தது.

சிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரியும் இதே கதைதான். ஏரி பெருத்துக்கொண்டே போவதை ஆண்டுக்கணக்கில் படங்கள் காட்டின. 2023 செப்டம்பர் 28 அன்று அதன் பரப்பு 167 ஹெக்டேர். கரை உடைந்த பிறகு அக்டோபர் 4 அன்று 60 ஹெக்டேர். நடுவில் போன தண்ணீர் சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு போனது.

நிலம் மெல்ல இறங்குவதைச் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கவும் முடியும். ஒரே இடத்தை வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு ரேடார் படங்களில் திரும்பிவரும் அலையின் கட்டத்தை, அதாவது அதன் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, ஒப்பிட்டால், தரை எவ்வளவு நகர்ந்தது என்று வந்துவிடும். 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட நாசா-இஸ்ரோவின் நிசார் இதற்காகவே செய்தது போல. 12 மீட்டர் ஆண்டெனா, 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பும். அதன் நீண்ட அலை இலை தழைகளைத் தாண்டித் தரை வரை போகும் என்பதால், மரம் அடர்ந்த நம் மலைகளுக்குச் சென்டினலைவிடப் பொருத்தம்.

அளப்பது ஒரு பக்கம், வெளியே சொல்வது மறுபக்கம். உத்தராகண்டின் மலையூரான ஜோஷிமட் 12 நாட்களில் 5.4 செ.மீ. இறங்கியது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2023 ஜனவரியில் அறிக்கை வந்தது. சில நாட்களில் அது இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது. அரசு நிறுவனங்கள் ஊடகங்களிடம் பேச வேண்டாம் என்றும் அறிவுறுத்தல் போனது. பீதி கிளம்பும் என்பது காரணம். சுவர் விரிந்த வீட்டில் இருப்பவருக்குப் புதிதாக என்ன பீதி வரப்போகிறது?

இலங்கையில் 2014 அக்டோபரில் மீரியபெத்தை தேயிலைத் தோட்டத்து லயன்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனதும் தெரியாமல் நடந்தது இல்லை. அந்த மலைச்சரிவு ஆபத்தானது, மக்களை நகர்த்துங்கள் என்று அந்நாட்டுக் கட்டட ஆய்வு நிறுவனம் 2005-லும் 2011-லும் சொல்லியிருந்தது. மாற்று நிலமும் வீடும் இல்லாத தொழிலாளர் குடும்பம் எங்கே போகும்?

நிலநடுக்கம்?

முடியாது. முன்கூட்டிச் சொல்லும் செயற்கைக்கோள் எதுவும் இல்லை. அப்படிச் சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம்.

பேரிடர் நடந்ததும் பிற நாட்டுச் செயற்கைக்கோள்களும் உதவுமாமே, காசு யார் கொடுப்பது?

யாரும் இல்லை. 'விண்வெளி மற்றும் பெரும் பேரிடர்' என்ற சர்வதேச உடன்பாடு 2000 நவம்பரிலிருந்து இயங்குகிறது. ஐரோப்பிய, பிரெஞ்சு விண்வெளி அமைப்புகள் தொடங்கியவை. இஸ்ரோ 2001-ல் சேர்ந்தது. பாதிக்கப்பட்ட நாட்டின் அதிகாரபூர்வ அமைப்பு கூப்பிட்டால், அந்தப் பக்கம் போகும் உறுப்புச் செயற்கைக்கோள்களைத் திருப்பிப் படம் எடுத்து இலவசமாகக் கொடுப்பார்கள். முதல் அழைப்பு அதே மாதம் ஸ்லோவேனியாவில் நடந்த நிலச்சரிவுக்கு. நல்ல ஏற்பாடு. ஆனால் வீடு எரிந்த பிறகு வரும் உதவி அது. ஆபத்தைக் குறைக்கும் வேலைக்கு அந்த உடன்பாட்டில் இடம் இல்லை.

செயற்கைக்கோள் படத்தை வைத்து நிவாரணம் கணக்கிட்டால் போதாதா? ஊருக்கு ஊர் ஆள் அனுப்புவது எதற்கு?

எந்தச் சேதம் என்பதைப் பொறுத்தது. தண்ணீர் நின்ற பரப்பு என்றால் படம் நன்றாக உதவும். 2018 கஜா மாதிரி காற்றுச் சேதம் என்றால் கஷ்டம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் விழுந்த தென்னை சில நாள் பச்சையாகவே கிடக்கும். சாதாரணக் கூர்மையுள்ள படத்தில் நிற்கும் மரமும் கிடக்கும் மரமும் எளிதில் பிரியாது. மட்டை ஒடிந்து, நின்றுகொண்டே காய்ப்பை நிறுத்திய மரம் எந்தப் படத்திலும் அகப்படாது. கிராம நிர்வாக அலுவலர் தோப்புக்குள் நடந்துதான் ஆக வேண்டும். எந்த ஊருக்கு முதலில் போக வேண்டும் என்று படம் சொல்லும், அவ்வளவுதான். குத்தகைக்குச் செய்பவர் பெயர் அடங்கல் என்ற கிராமச் சாகுபடிப் பதிவேட்டில் இல்லாவிட்டால், அதையும் எந்தச் செயற்கைக்கோளும் சரிசெய்யாது.

உண்மையிலேயே உயிரிழப்பு குறைந்திருக்கிறதா?

ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் 29 சூப்பர் புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2013-ல் ஃபைலின் வந்தபோது கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை வெளியேற்றினார்கள். சாவு 50-ஐத் தாண்டவில்லை. 2019-ல் ஃபானிக்கு 12 லட்சம் பேர்.

இதைச் செயற்கைக்கோளின் வெற்றி என்று மட்டும் எழுதுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். 1999-லும் இன்சாட் மேலே இருந்தது, புயல் படத்தில் தெரிந்துகொண்டுதான் இருந்தது. மக்கள் ஓடி ஒதுங்கக் கட்டடம் இல்லை, கூட்டிப்போக ஏற்பாடு இல்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஒடிசா தனிப் பேரிடர் அமைப்பைத் தொடங்கியது. கடலோரத்தில் 800-க்கும் மேற்பட்ட புயல் காப்பகங்கள் எழுந்தன, ஊருக்கு ஊர் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். முன்னறிவிப்பும் அந்த இடைவெளியில் நிறையத் தேறியது. எங்கே, எப்போது என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிந்ததால்தான் லட்சக்கணக்கானவர்களைக் கிளப்ப அதிகாரிகளுக்குத் துணிவு வந்தது.

நான் மனை வாங்கப் போகிறேன். வீட்டிலிருந்தே எதையெல்லாம் பார்க்கலாம்?

கூகுள் எர்த் மென்பொருளைக் கணினியில் இறக்கி, பழைய படங்களைக் காட்டும் கடிகாரக் குறியை அழுத்துங்கள். உங்கள் மனை இருக்கும் இடத்துக்கு இருபது ஆண்டுப் படங்களாவது கிடைக்க வாய்ப்புண்டு. கோடைக்காலப் படத்தை விட்டுவிட்டு நவம்பர், டிசம்பர், ஜனவரிப் படங்களாகப் பாருங்கள். விற்பவர் உங்களை அழைத்துப்போனது பெரும்பாலும் கோடையில்தான் இருக்கும். மனையிலேயே தண்ணீர் இல்லாவிட்டாலும், ஏரியின் கலங்கலிலிருந்து (உபரி நீர் வழியும் இடம்) அடுத்த ஏரிக்கு ஓடை எந்த வழியாகப் போனது என்று பின்தொடருங்கள். பிறகு மேலே சொன்ன ஐரோப்பிய நீர்ப்பரப்பு வரைபடத்தையும், இஸ்ரோவின் புவன் வரைபடத் தளத்தையும் ஒரு முறை பாருங்கள். 2015, 2023 வெள்ளத்தையொட்டி எடுத்த சென்டினல் படங்களை ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் தளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாகவே திறக்கலாம்.

இதெல்லாம் முடிந்ததும் அந்தத் தெரு டீக்கடையில் போய், 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கறை எந்த உயரத்தில் இருந்தது என்று கைவைத்துக் காட்டுவார்கள். படத்தில் கிடைக்காத ஆழக் கணக்கு அதுதான். கிராம வரைபடத்தில் அந்தச் சர்வே எண் 'ஓடை புறம்போக்கு' என்றோ 'ஏரி உள்வாய்' என்றோ இருந்தால், படம் என்ன காட்டினாலும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.